மூடியில் எழுதியிருந்தபடி

கீரையை அவிக்கும்போது சட்டியை மூடக் கூடாது, ரீச்சர். போன முறை நான் தந்த கீரைக்கட்டைச் சமைத்தபோது இவ்வளவு பச்சை எப்படி வந்தது என்று இன்று காலை வாசலில் வைத்துக் கேட்டீர்கள். அக்கா பக்கத்தில் நின்றதால் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். மூடினால் நிறம் கறுத்துப் போகும். உப்பையும் இறக்குகிற நேரத்தில்தான் போட வேண்டும். மற்றபடி கீரையில் விசேசம் ஒன்றுமில்லை, மண்ணில்தான் இருந்தது. அந்த மண்ணைப் பற்றிச் சொல்லத்தான் தலைவர் ஐயாவிடம் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கினேன்.

முறைப்பாடு என்னவென்று இணக்க சபை உறுப்பினர்களான உங்கள் மூவருக்கும் தெரியும். என்றாலும் ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். போன முறை அக்கா அழுத அழுகையில் பாதி விளங்கியிருக்காது. முறைப்பாட்டுக்காரி குணலட்சுமி என் கூடப்பிறந்த அக்கா. புத்தூரில் ஒரே வளவில் எங்களுக்கு இரண்டு வீடு, நடுவில் ஒரு வேலி, வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு. அக்காவின் கணவர் பரமலிங்கம் அத்தான் போன வருடம் கனடாவில் காலமானார். அங்கேயே தகனம் செய்தார்கள். சாம்பலில் ஒரு பங்கை உறவுக்காரர் ஒருவர் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தார். மகன் ஜெயதீபனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆண்டுத் திவசத்துக்கு வந்து கீரிமலையில் கரைப்பதாகச் சொல்லியிருந்தான். அதுவரை வைத்திருக்க அக்கா அந்தச் சாம்பலை நான் செய்த சிமிழ் ஒன்றில் போட்டார். மாரி மழைக்குச் சிமிழ் கரைந்து, சாம்பலும் தண்ணீரோடு போய்விட்டது. ஆகவே உதவாத சாமானைச் செய்து கொடுத்த வாகீசன்தான் பொறுப்பு. இதுதான் முறைப்பாடு. ஜெயதீபன் வருகிற கிழமை வந்து இறங்குகிறான். அவன் கையில் கொடுக்க அக்காவிடம் ஒன்றுமில்லை.

போன முறை நான் இதை மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். நீங்களும் நல்ல மனிதர்கள், அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு விசயத்தை முடியுங்கள் என்றீர்கள். இன்று மறுக்கிறேன். என் சிமிழ் கரையவில்லை. அது அலுமாரியில் வைத்தாலும் மழையில் வைத்தாலும் கரையாது. உயிருள்ள மண்ணுக்குள் புதைத்தால் மட்டும்தான் கரையும். அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத்தான் நான் இளைப்பாறிய பிறகு கிடைத்த ஓய்வு முழுவதையும் செலவழித்தேன்.

நான் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன். எங்கள் பக்கம் குலை வெட்டியபின் வாழைத்தண்டு வீணாகக் கிடக்கும். அதை அரைத்துக் கூழாக்கி, மரவள்ளி மாவைச் சேர்த்து, அச்சில் அழுத்திச் சூட்டில் காயவைத்து, உட்புறம் தேன்மெழுகு பூசினால் ஒரு சிமிழ் வரும். கல்லுப் போல இருக்கும். அடித்தட்டுக்குள் முளைக்கீரை விதை கொஞ்சம் வைத்து அழுத்தியிருப்பேன். அச்சுவேலியில் வினோஜா என்ற பிள்ளை சந்தனக் களிம்பு, கற்றாழைக் களிம்பு, தலைக்குப் பூசுகிற வெந்தயக் களி எல்லாம் செய்கிறாள். அவளுக்குப் பிளாஸ்ரிக் பேணி, டப்பா ஒன்றும் பிடிக்காது. நாங்கள் இருவரும் சேர்ந்தோம். களிம்பு அவளுடையது, சிமிழ் என்னுடையது. மூடியில் இரண்டு வரி அச்சடித்தோம்: பாவித்து முடிந்ததும் தோட்டத்தில் புதையுங்கள். கீரை முளைக்கும்.

களிம்பு நன்றாக விலைப்பட்டது. ஆனால் புதைக்கத்தான் ஆளில்லை.

இதை முன்னமே யோசித்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் வெறும் பேணியை எறிகிற வீடு எங்கே இருக்கிறது? பால்மாப் பேணிக்குள் மிளகாய்த்தூள், பிஸ்கற் பேணிக்குள் நூலும் ஊசியும், ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் திருக்கை மீன். லண்டனிலிருந்து வந்த வாசனைப் போத்தல் காலியாகி இருபது வருடமானாலும் கண்ணாடி அலுமாரியில் முன்வரிசையில்தான் நிற்கும். அப்படிப்பட்ட சனத்திடம் போய், பூப்போட்ட வடிவான சிமிழைக் கொடுத்து, பாவித்துவிட்டு மண்ணுக்குள் புதையுங்கள் என்று சொன்னேன். ஒருத்தர் அதற்குள் கற்பூரம் வைத்தார், ஒருத்தர் ஊக்கு வைத்தார். எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி ஒரு அண்ணை தன் வயிற்றிலிருந்து சத்திரசிகிச்சை செய்து எடுத்த பித்தக்கற்களை அதற்குள் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் திறந்து காட்டினார்.

பகிடியாக இருக்கும். எனக்குப் பகிடியாக இருக்கவில்லை. சுவிசில் இயற்கை அழகுப் பொருட்கள் விற்கிற கடை வைத்திருக்கும் பெண்மணி ஒருவர் எங்கள் சிமிழைப் பார்த்து ஆசைப்பட்டார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. பட்டறையில் புதுச் சிமிழைப் புதைத்து எடுத்த படம் வேண்டாம், ஒரு வீட்டில் உண்மையாகப் பாவித்த சிமிழ் மண்ணில் சேர்ந்து கீரை முளைத்த படம் வேண்டும். நான் வீடு வீடாகப் போனேன். அரியாலை வரைக்கும் போனேன். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டேன்.

"இவ்வளவு வடிவான சாமானை மண்ணுக்கை புதைக்கிறதோ? உங்களுக்கென்ன விசரோ, மாஸ்ரர்?"

எல்லா வீட்டிலும் இதே பதில்தான். தேத்தண்ணியும் தந்தார்கள். சீனியை அவர்கள் எடுத்ததும் என் சிமிழுக்குள்ளிருந்துதான்.

இந்த இடத்தில் அத்தானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அக்கா போன முறை அதை இழுத்ததால் சொல்கிறேன்.

சிமிழை முதன்முதலாக ஊருக்குக் காட்டியது அக்கா வீட்டு முற்றத்தில். அத்தான் கனடாவிலிருந்து வந்து நின்றார். சின்னப் பந்தல் போட்டு, கதிரை அடுக்கி, யூரியூப் செய்கிற பொடியன் ஒருவனையும் கூப்பிட்டிருந்தோம். நான் மைக்கைப் பிடித்து, இந்தச் சிமிழ் நூற்றுக்கு நூறு இயற்கை என்று கதைத்துக்கொண்டிருந்தேன். அத்தான் எழும்பி வந்து என் கையிலிருந்த சிமிழை வாங்கினார். தட்டிப் பார்த்தார், மணந்து பார்த்தார்.

"தம்பி வாகீசன், இது முகத்துக்குப் பூசிறதோ, மாட்டுக்கு வைக்கிறதோ?" என்றார்.

சனம் சிரித்தது. அத்தோடு விட்டிருக்கலாம். அவர் நேரே கொட்டிலடிக்குப் போய் அக்காவின் பசு செங்காரிக்கு முன்னால் அதை நீட்டினார். செங்காரி ஒரு தரம் மணந்துவிட்டு வாயில் வாங்கி, அசை போட்டு, மூடியையும் சேர்த்து விழுங்கியது. வாழைத்தண்டும் மரவள்ளி மாவும் என்றால் எந்த மாடும் தின்னும். அது குறையில்லை, சொல்லப்போனால் அதுதான் சிறப்பு. அத்தான் மாட்டின் முதுகில் தட்டி, பந்தலைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"பாருங்கோ, செங்காரி சேர்ட்டிபிக்கற் குடுத்திட்டாள்."

அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் உலகத்தில் குறைவு. வினோஜாவின் களிம்பைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. மாடு தின்கிறது, அத்தான் சிரிக்கிறார், பின்னால் நான் மைக்கோடு நிற்கிறேன், வாய் திறந்தபடி. அதற்குப் பிறகு அச்சுவேலிச் சந்தையில் எனக்குப் பெயர் மாட்டுப்பேணி. பஸ்ஸில் கொண்டக்ரர் பொடியன்கூட மாட்டுப்பேணி மாஸ்ரர் இறங்கப் போகிறார் என்று பெல் அடித்தான். நான் கோபிக்கவில்லை. அத்தான் பகிடிக்காரர், மனதில் கள்ளமில்லாதவர். என்னைக் கண்ட இடமெல்லாம் ம்மா என்று கத்திவிட்டுத்தான் கதைக்கத் தொடங்குவார். கனடாவிலிருந்து தொலைபேசி எடுத்தாலும் முதலில் அதுதான். நானும் சிரிப்பேன்.

அவர் காலமானபோது நான் உண்மையாகவே கவலைப்பட்டேன். முப்பத்தோராம் நாள் அஞ்சலிக் கூட்டத்தை சூமில் வைத்தார்கள். அக்கா வீட்டு விறாந்தையில் பெரிய திரை கட்டி ஊரவர் எல்லோரும் இருந்து பார்த்தோம். தகப்பன் சிரித்தபடி இருக்கிற காட்சி ஒன்று தேடித் தேடிக் கடைசியில் கிடைத்தது இதுதான் என்று ஜெயதீபன் அங்கிருந்து சொன்னான். பிறகு அந்த வீடியோவைப் போட்டான். முழுவதும் போட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த சனம் அப்படியே சிரிக்கத் தொடங்கியது. அக்காவும் சிரித்தார். திரும்பித் திரும்பி என்னையும் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். அன்று பின்னேரம் முழுவதும் நெஞ்சு எரிந்தது. வடையில் எண்ணெய் கூடிவிட்டது என்று நினைக்கிறேன்.

சாம்பல் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. பிளாஸ்ரிக் பையில் இருந்தது. அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"இந்தப் பைக்குள்ளை அந்த மனிசனை எப்பிடியடா வைச்சிருக்கிறது? உன்ரை பெரிய சிமிழ் ஒண்டு கிடக்கு, வெந்தயக் களி வந்தது. அதுக்குள்ளை வைப்பம். உன்னிலை அவருக்கு எவ்வளவு விருப்பம்."

நான் ஓம் என்றேன். பிரேதச் சாம்பலை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பதால் கிணற்றடியில் மோட்டர் கொட்டிலின் மேல்தட்டில் வைத்தோம். அக்கா ஒவ்வொரு நாளும் காலையில் கொட்டில் வாசலில் ஒரு செவ்வரத்தம்பூ வைப்பார். நான் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க மோட்டரைப் போடப் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்ப்பேன். சிமிழ் வடிவாக இருந்தது. மூடியில் எழுத்து மங்கவில்லை. பாவித்து முடிந்ததும் தோட்டத்தில் புதையுங்கள்.

நீங்கள் நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஊர் முழுவதும் தேடியும் கிடைக்காத, ஒரு வீட்டில் உண்மையாகப் பாவித்த சிமிழ் என் தலைக்கு மேலே இருக்கிறது. பக்கத்தில் தோட்டம். சாம்பலில் பொட்டாசியம் இருக்கிறது, பயிருக்கு நல்லது, அதை வருடக்கணக்காகக் கமக்காரருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். இன்னொன்று, அத்தான் கனடாவில் இருந்துகொண்டு எப்போதும் சொல்லுவது என்ன? என்ரை உடம்பு எங்கடை புத்தூர்ச் சிவப்பு மண்ணிலைதான் சேரவேணும் என்பார். கீரிமலைக் கடலில் கரைத்தால் அது மண்ணில் சேருமா? உப்புத் தண்ணீரில் இந்தியா வரைக்கும் போகும். அவருடைய ஆசையையும் மூடியில் உள்ள கட்டளையையும் ஒருசேர நிறைவேற்ற ஒரே வழிதான் இருந்தது. அக்காவிடம் கேட்டிருக்கலாம். ஆனால் புதையுங்கள் என்று கேட்டால் எங்கள் சனம் என்ன சொல்லும் என்று எனக்கு அனுபவம் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அக்கா கோயிலுக்குப் போன நேரம் சிமிழை எடுத்தேன். களவாக அல்ல, பட்டப்பகலில் ஏணி வைத்துத்தான் எடுத்தேன். கும்பிட்டேன். என் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பாத்தி கொத்தி, அதன் நடுவில் அப்படியே வைத்து மூடினேன்.

இல்லை. அப்படியே வைத்தேன் என்பது சரியில்லை. உண்மையைச் சொல்ல வந்தவன் முழுவதையும் சொல்ல வேண்டும். தகனச் சாம்பலை அப்படியே போட்டால் காரம் கூடி முளை கருகிவிடும். ஆகையால் சிமிழைத் திறந்து, சாம்பலை மாட்டெருவோடும் காய்ந்த பூவரசங்குழையோடும் கலந்து, தண்ணீர் தெளித்துக் கொஞ்ச நாள் ஆறவிட்டேன். கட்டியாக இருந்ததைக் கையால் உதிர்த்தேன். பிறகுதான் சிமிழும் அந்தக் கலவையும் பாத்திக்குள் போயின. எரு செங்காரியுடையது. கிட்டக் கிடந்தது அதுதான், வேறு காரணம் இல்லை.

இனி என் பிழைக்கு வருகிறேன். நான் ஒரேயொரு பிழை செய்தேன். மேல்தட்டு வெறுமையாக இருப்பதைக் கண்டால் அக்கா பயந்துவிடுவார் என்று நினைத்து, பட்டறையில் ஊறப்போட்டிருந்த கூழில் ஒரு பிடி எடுத்துவந்து, சிமிழ் இருந்த இடத்தில் அப்பிவிட்டேன். கூழில் கொஞ்சம் சாம்பல் நிறம் வருவதற்கு எங்கள் அடுப்புச் சாம்பலையும் தூவினேன். பாத்தி போட்டு நாலைந்து நாளில் நல்ல மழை. கொட்டில் கூரை ஒழுகும். மழை விட்டதும் அக்கா போய்ப் பார்த்துவிட்டுக் கத்தின கத்தலில் நான் வேலிப் பொட்டுக்குள்ளால் ஓடினேன். தட்டிலிருந்து கூழ் வழிந்து சுவர் நெடுகக் கோடு கோடாக இறங்கியிருந்தது. அக்கா அந்தக் கோடுகளைச் சேலைத் தலைப்பால் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார்.

"கரைஞ்சு போட்டுதடா தம்பி. அவரையும் கொண்டு போட்டுது. பிள்ளைக்கு நான் என்னத்தைக் குடுக்கிறது?"

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் பாத்தியில் முளை வெளிக்கிடுகிற நேரம். கிளறினால் எல்லாம் பழுதாகிவிடும்.

உங்களில் யாராவது கொஞ்சம் யோசித்திருந்தால் அன்றைக்கே என்னைப் பிடித்திருப்பீர்கள். உண்மையான சிமிழ் அந்தத் தட்டில் கரைந்திருந்தால் அதன் அடித்தட்டிலிருந்த விதை ஈரத்துக்கு அங்கேயே முளைத்திருக்கும். நான் அப்பிய கூழில் விதை இல்லை. அவசரத்தில் விதை போட மறந்துவிட்டேன். என் வேலையில் அப்படி ஒரு குறை வந்தது எனக்கு இன்றைக்கும் வெட்கம்.

அதன் விளைவுதான் என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது. கதை வேலி தாண்டி, ஒழுங்கை தாண்டி, சந்தைக்குப் போனது. வினோஜாவிடம் வழமையாகக் களிம்பு வாங்குகிற ஒரு அம்மா கேட்டாராம்: "மாஸ்ரரின்ரை சிமிழ் ஒரு மனிசனையே கரைச்சுப் போட்டுதாம், என்ரை முகத்தை விடுமே?" கடைக்காரர் சிமிழ்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். சுவிஸ் பெண்மணிக்கும் யாரோ எழுதிவிட்டார்கள். ஊரில் இத்தனை நாள் ஊக்குக்கும் கற்பூரத்துக்கும் வைத்திருந்தவர்கள்கூட இரவோடிரவாக அதை வெறுமையாக்கினார்கள். பித்தக்கல் அண்ணை கற்களை ஒரு போத்தலுக்கு மாற்றிவிட்டார். வினோஜா பின் வரிசை வாங்கில் இருக்கிறாள். அவள் மடியில் இருக்கிற பையில் கொழும்பிலிருந்து எடுப்பித்த பிளாஸ்ரிக் பேணிகள் இருக்கின்றன. போன முறை கூட்டம் முடிந்ததும் எனக்குக் காட்டினாள்.

"குறை நினைக்காதேங்கோ மாஸ்ரர். உங்களிலை பிழை சொல்லேல்லை. சனம் பயப்பிடுது, நான் என்ன செய்யிறது?"

அதில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. அது நானூறு வருடம் இருக்கும். வினோஜாவின் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் அதற்குள் மிளகாய்த்தூள் வைப்பார்கள். அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். என் பெயர் போகலாம், அது ஏற்கனவே மாட்டுப்பேணி. சிமிழின் பெயர் போகக் கூடாது. வினோஜா பிள்ளை, இப்போது கேட்டாய்தானே? மழைக்குக் கரைந்தது கூழ். சிமிழ் மண்ணுக்குள் போய், சொன்னபடி சொன்ன காலத்துக்குள் கரைந்தது. தோண்டிப் பார்த்தேன், ஒரு நார்கூட மிச்சமில்லை. பையிலிருப்பதைத் திருப்பி அனுப்பிவிடு.

கீரை எப்படி வந்தது என்று இவ்வளவுக்குப் பிறகும் நான் விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். ரீச்சர், தண்ணீர் வேண்டுமென்றால் அந்தப் போத்தலில் இருக்கிறது.

முதல் பிடுங்கல் அக்காவுக்குத்தான் போனது. அவர் அப்போது என்னோடு கதைப்பதில்லை. கீரைக்கட்டை வேலிப் பொட்டில் வைத்துவிட்டு வந்தேன். மத்தியானம் கூப்பிட்டார். கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுக் கடைந்து, முதலில் ஒரு வாழையிலையில் சோறும் கீரையும் போட்டு அத்தானின் படத்துக்குப் படைத்திருந்தார்.

"அத்தானுக்கு முளைக்கீரை எண்டால் உயிர். அங்கை கனடாவிலை நல்ல கீரை இல்லையெண்டு எப்பவும் சொல்லுவார்," என்றார்.

படத்தில் அத்தான் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த வீடியோவிலிருந்து வெட்டி எடுத்த படம். அவருக்கு முன்னால் இருந்த இலையை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு இருவரும் சாப்பிட்டோம். செத்தவீட்டுக்குப் பிறகு அக்கா இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டது அன்றுதான். என் சகோதரி வயிறாரச் சாப்பிடுவதைப் பார்ப்பது எனக்கு நிறைவாக இருந்தது. அதைக் குற்றம் என்று சொல்வீர்களா? நானும் சாப்பிட்டேன். கொஞ்சம் உப்புக் கூட இருந்தது, அவர் குணம்.

இரண்டாவது பிடுங்கல் இங்கே வந்தது. ரீச்சர் ஒரு கட்டு, தலைவர் ஐயா இரண்டு கட்டு. மூன்றாவது ஐயா தனக்குச் சிறுநீரகத்தில் கல், கீரை ஆகாது என்றார். அவர் மட்டும் இன்று தேத்தண்ணியை நிம்மதியாகக் குடிக்கலாம். இதை இலஞ்சம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நல்ல சாமான் விளைந்தால் நாலு பேருக்குக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம்.

அக்கா, அழவேண்டாம். ஜெயதீபன் வெறுங்கையோடு கீரிமலைக்குப் போகத் தேவையில்லை. இதோ, மேசையில் வைக்கிறேன். புதுச் சிமிழ், பெரியது, மெழுகு இரண்டு தரம் பூசியது. உள்ளே அந்தப் பாத்தியின் மண். கல், வேர் எல்லாம் அரித்து எடுத்திருக்கிறேன். கடலில் விட்டால் சிமிழோடு விடலாம், மீனுக்குக் கூடக் கெடுதல் இல்லை. பிள்ளை தன் கடமையைச் செய்தது செய்ததுதான். சுவிஸ் அம்மாவும் அதை ஒரு படம் எடுத்தால் சந்தோசப்படுவார்.

ஆனால் பொய் சொல்லக் கூடாது. அத்தான் முழுவதும் இதற்குள் இருக்கிறார் என்று நான் உறுதி தர மாட்டேன். ஒரு பங்கு எங்களுக்குள் போய்விட்டது. இன்னொரு பங்கு கடைசிப் பிடுங்கலோடு போனது. விதைக்கு விட்டிருந்த முற்றின தண்டுகள், மனிதர் தின்ன ஏலாது. வீணாக்காமல் செங்காரிக்கு வைத்தேன். வேலிக்கு மேலால் எறியவில்லை. பொட்டுக்குள்ளால் போய், அன்றைக்கு அத்தான் நின்ற அதே இடத்தில் நின்று, கையால் நீட்டினேன். ஒரு தரம் மணந்துவிட்டு வாயில் வாங்கியது. அசை போட்டு வேரையும் சேர்த்து விழுங்கியது. நான் அதன் முதுகில் தட்டினேன்.

அதை என் தொலைபேசியில் வீடியோவாக எடுத்து வைத்திருக்கிறேன். சுவிசுக்கு அனுப்பத்தான் எடுத்தது, அத்தானின் பகிடிக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. இன்னும் அனுப்பவில்லை. ஒவ்வொரு நாளும் படுக்கப் போகும்போது ஒருமுறை போட்டு, வெளிச்சம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறேன், அவ்வளவுதான்.